மகளின் பள்ளிக்கூட சைக்கிளுக்கு மோட்டார்: 63 வயதில் 13 மாத ஓட்டம்

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். வண்டியைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். மோட்டார் கோத்த பின்சக்கரம், பேட்டரி, மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், சார்ஜர், ஹேண்டில்பாரில் மாட்டும் விசைகள் எல்லாம் சேர்ந்த ‘கிட்’ 21,500 ரூபாய். திருச்சியில் பூட்டுக்கூலி 1,200. அங்கே பூட்டிய விதத்தில் இருந்த குறைகளை அன்னவாசல் சைக்கிள் கடை பாய் சரிசெய்ய ஆனது 1,850. மொத்தம் 24,550. சைக்கிளுக்கு மட்டும் விலை இல்லை. 2009-இல் என் மகள் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்தபோது அரசுப் பள்ளியில் கொடுத்த சைக்கிள் அது. அவள் கல்யாணமாகித் திருப்பூர் போனபிறகு மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்ந்தே நின்றது. மட்கார்டில் அரசு முத்திரை இன்னும் பாதி தெரிகிறது.

இந்தப் 13 மாதத்தில் ஏறத்தாழ 4,100 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். அறுபது வயதுக்கு மேல் சைக்கிளை விட்டவர்களும், விட மனமில்லாமல் மூட்டுவலியோடு மிதித்துக்கொண்டிருப்பவர்களும் வாங்குவதற்கு முன்னால் இதைப் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். விற்பவர்கள் வேகத்தையும் தூரத்தையும் சொல்லி விற்கிறார்கள். வயதானவர்கள் பார்க்க வேண்டியவை வேறு இரண்டு. நின்ற இடத்திலிருந்து வண்டி எப்படிக் கிளம்புகிறது என்பது ஒன்று. பேட்டரி தீர்ந்தபிறகு எப்படி உருள்கிறது என்பது மற்றொன்று. என்னிடம் இந்த இரண்டையும் யாரும் சொல்லவில்லை. ஒன்றைக் கீழே விழுந்து தெரிந்துகொண்டேன், இன்னொன்றை 23 நாள் மிதித்துத் தெரிந்துகொண்டேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இது ஏன் எனக்கு இவ்வளவு முக்கியம் என்று புரியும். நான் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வுபெற்றவள். ஊரில் இன்னும் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். சித்தன்னவாசல் மலையிலிருந்து கொஞ்ச தூரத்தில் எங்கள் ஊர். வீட்டு வாசலிலிருந்து புதுக்கோட்டை 14 கிலோமீட்டர். 1991-இல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது எனக்கு 29 வயது. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்துப் படிப்போடு பெண்கள் சைக்கிள் ஓட்டுவதையும் சேர்த்து வைத்தார். பெண்கள் சைக்கிள் எங்கள் பக்கம் அப்போது கிடைக்கவே கிடைக்காது. நடுவில் பார் போட்ட ஆண்கள் சைக்கிளில், கொசுவத்தை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, பள்ளிக்கூட மைதானத்தில் பொழுது சாய்ந்தபிறகு பழகினோம். குவாரியில் கல் உடைத்துவிட்டு வந்த பெண்கள் கையில் கொப்புளத்தோடு ஹேண்டில்பாரைப் பிடித்தார்கள். 1992 மகளிர் தினத்தன்று புதுக்கோட்டைத் தெருக்களில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனோம். அன்றைக்குத் தெருவோரம் நின்று பார்த்தவர்களின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து 58 வயதுவரை நான் சைக்கிளை விடவில்லை. சத்துமாவு மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். மாமியாருக்கு மூச்சுத்திணறல் வந்த இரவில் மாத்திரை வாங்கச் சைக்கிளில்தான் போனேன். பிறகு வலது முழங்கால் தேய்மானம் வந்தது. மருத்துவர் சைக்கிளை நிறுத்தச் சொல்லவில்லை. சம்மணம் போடாதீர்கள், படி ஏறுவதைக் குறையுங்கள், சைக்கிள் மிதிப்பதில் உடல் பாரம் முட்டியில் இறங்காது, அது நல்லதுதான் என்றார். ஆனால் கண்மாய்க்கரை ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது முட்டிக்குள் மணல் அரைபடுவதுபோல் இருக்கும். முதலில் புதுக்கோட்டைக்குப் போவதை விட்டேன். அப்புறம் அன்னவாசல். கடைசியில் ரேஷன் கடைக்கும் நடந்தே போகத் தொடங்கினேன்.

பஸ் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2021-லிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. ஆகவே இந்தச் சைக்கிளால் எனக்கு மாதம் இவ்வளவு மிச்சம் என்று கணக்குக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் பஸ்ஸில் போங்கள், அதுவே சரி. எங்கள் வீட்டிலிருந்து மெயின் ரோடு 2 கிலோமீட்டர். வெயிலில் நடந்துபோய் நிற்க வேண்டும், வரும் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும், திரும்பும்போது இரண்டு பையோடு அந்த 2 கிலோமீட்டரை மறுபடி நடக்க வேண்டும். வழியில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது என்றால் இறங்கிப் பார்த்துவிட்டு வர முடியாது. சைக்கிள் இருந்தவரை, நினைத்த நேரத்தில் கிளம்பி நினைத்த இடத்தில் நின்றேன். அதைத்தான் இழந்திருந்தேன்.

என் மகன் மின்சார ஸ்கூட்டர் வாங்கித் தருகிறேன் என்றான். ஓட்டிப் பார்த்தேன். சாயும்போது காலை ஊன்றித் தாங்க என் முட்டியால் முடியவில்லை. சைக்கிள் சாய்ந்தால் எனக்குப் பிடிக்கத் தெரியும், முப்பது வருடப் பழக்கம். அதுவுமல்லாமல், மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருக்கும் சைக்கிளுக்கு ஓட்டுநர் உரிமமும் பதிவெண்ணும் தேவையில்லை. இந்த வயதில் உரிமத்துக்கு அலையும் வேலை மிச்சம்.

திருச்சிக் கடையில் எனக்கு இரண்டு வகை காட்டினார்கள். இரண்டுமே பின்சக்கரத்தின் நடுவில், அச்சைச் சுற்றி உட்காரும் மோட்டார்தான். ஒன்று பெரிய தட்டுப் போல இருந்தது, உள்ளே கியர் கிடையாது. இன்னொன்று கையடக்கமான டப்பா அளவு, உள்ளே பல்சக்கரங்கள் உண்டு. பெரியதற்கு ஆயுசு அதிகம், சத்தமே வராது, அதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் கடைக்காரர். சத்தம் வராது என்பது உண்மை. என் கூட வந்த அண்ணன் மகன் ஐ.டி.ஐ. படித்தவன். “அத்தை, இரண்டு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பாருங்கள்” என்றான். பெரிய மோட்டார் கோத்த சக்கரம் ஒரு சுற்றுகூட முழுதாகச் சுற்றாமல் நின்றது. உள்ளே இருக்கும் காந்தம் இழுக்கிறது. சின்ன மோட்டார் சக்கரம் சாதாரணச் சைக்கிள் சக்கரம்போல நிற்காமல் சுற்றியது. அதற்குள் ஒரு கிளட்ச் இருக்கிறதாம், கரண்ட் வராதபோது மோட்டாரை விலக்கிவிட்டுச் சக்கரத்தை மட்டும் ஓடவிடும். நான் சின்னதை வாங்கினேன். இந்த ஒரு சோதனைக்காக அவனுக்கு நான் காலமெல்லாம் கடன்பட்டிருக்கிறேன். நீங்கள் கடைக்குப் போனால், வேறு எதைக் கேட்காவிட்டாலும் சக்கரத்தைத் தூக்கிவைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள்.

பேட்டரி 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி. இரண்டையும் பெருக்கினால் 360 வாட்-மணி, அதாவது ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். சார்ஜரில் சூடாகப் போவதையும் சேர்த்தால் ஒருமுறை நிரப்ப அரை யூனிட்டுக்குள் முடிந்துவிடும். 13 மாதத்தில் சுமார் 130 முறை சார்ஜ் செய்திருக்கிறேன், எல்லாம் சேர்த்து 60 யூனிட்டைத் தாண்டியிருக்காது. கரண்ட் செலவைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

இனி கிளம்புவதைப் பற்றி.

இந்த வண்டியில் மோட்டாரை இயக்க இரண்டு வழி. வலது கைப்பிடியில் கட்டைவிரலால் அழுத்தும் ஆக்சிலரேட்டர் ஒன்று. பெடல் அச்சில் மாட்டிய காந்த வட்டும் சென்சாரும் இன்னொன்று. பெடல் சுற்றுவதை அந்தச் சென்சார் பார்த்தால் மோட்டார் தானாகத் தள்ளும், இதைப் பெடல் அசிஸ்ட் என்கிறார்கள். மூன்று நிலை உண்டு. நான் பெரும்பாலும் முதல் நிலையில்தான் ஓட்டுகிறேன். மணிக்கு 15, 16 கிலோமீட்டரில் போகும், கால் வெறுமனே சுற்றாது, மிதிக்கிற உணர்வு இருக்கும்.

இந்தச் சென்சாருக்குக் கால் எவ்வளவு அழுத்துகிறது என்பது தெரியாது. பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். அதனால் பெடல் அரைச் சுற்று வந்தபிறகுதான் மோட்டார் விழித்துக்கொள்ளும். சமதரையில் அது பெரிதல்ல. மேட்டில் நின்றுவிட்டுக் கிளம்பும்போது முட்டிக்கு வலி கொடுப்பதே அந்த முதல் அரைச் சுற்றுதான், அந்த நேரத்தில் மோட்டார் தூங்கிக்கொண்டிருக்கிறது. எங்கள் கண்மாய்க்கரை ஏற்றத்தின் நடுவில் எருமைகள் குறுக்கே நின்றதால் நிறுத்தினேன், பிறகு என்னால் கிளம்ப முடியவில்லை. இறங்கித் தள்ளித்தான் மேலே வந்தேன். ஆக்சிலரேட்டர் எதற்கு இருக்கிறது என்று அன்றுதான் புரிந்தது. ஒரு கால் தரையில் இருக்கும்போதே கட்டைவிரலை மெல்லத் தொட்டு, வண்டி நகர்ந்தபிறகு மறு காலைப் பெடலில் வைத்து, இரண்டு மூன்று மீட்டர் போனதும் விரலை எடுத்துவிட வேண்டும். அதன்பின் பெடல் அசிஸ்ட் பார்த்துக்கொள்ளும். பெடல் அசிஸ்ட் மட்டும் உள்ள வண்டியை மூட்டுவலிக்காரர்களுக்கு நான் சொல்லமாட்டேன். காலின் அழுத்தத்தையே அறியும் சென்சார் வைத்த வண்டிகளும் இருக்கின்றன, அவற்றின் விலை எனக்கு எட்டவில்லை.

அதே ஆக்சிலரேட்டர்தான் என்னைக் கீழே தள்ளியது. வாங்கிய மூன்றாவது வாரம், புதுக்கோட்டை கீழராஜ வீதி. கூட்டமாக இருந்ததால் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். இத்தனை வருடமும் சைக்கிளை எப்படித் தள்ளினேனோ அப்படித்தான் பிடித்திருந்தேன், இரண்டு கையும் கைப்பிடியில். யாரோ இடித்ததில் பிடி இறுகி, கட்டைவிரல் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்திவிட்டது. வண்டி கன்றுக்குட்டி போலத் துள்ளி முன்னால் பாய்ந்தது. விட்டிருந்தால் அது தனியாக விழுந்திருக்கும். நான் விடவில்லை, கூடவே போய் விழுந்தேன். முழங்கையில் தோல் உரிந்தது, எலும்புக்கு ஒன்றுமில்லை. கொய்யாப்பழக் கூடை வைத்திருந்த அம்மா என்னைத் தூக்கி உட்கார வைத்தார். அந்தக் கூடை என் சக்கரத்துக்கு முன்னால் இருந்திருந்தால், அதற்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அவர் என்ன ஆகியிருப்பார் என்ற நினைப்புத்தான் அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை.

அதற்குப் பிறகு ஒரே பழக்கம். காலைத் தரையில் வைத்து இறங்குவதற்கு முன்னால் பேட்டரிச் சாவியைத் திருப்பி அணைக்கிறேன். பத்தடி தள்ளுவதற்கும் அணைக்கிறேன். பிரேக் பிடித்தால் மோட்டாருக்குப் போகும் கரண்டை வெட்டும் சுவிட்ச் வைத்த பிரேக் லீவர்கள் கிட்டோடு வரும். என் சைக்கிளில் பழைய ராடு பிரேக் இருந்ததால், திருச்சியில் அந்த லீவர்களை மாட்டாமலே கொடுத்துவிட்டார்கள். ‘அது இல்லாமலும் ஓடும்’ என்றார்கள். ஓடும், நிற்கத்தான் நிற்காது. பெடல் சுற்றுவதை நிறுத்தியபிறகும் மோட்டார் ஒரு கணம் தள்ளிவிட்டுத்தான் அடங்குகிறது. வேகத்தடைக்கு முன்னால் அந்த ஒரு கணம் போதும்.

இதையெல்லாம் சரிசெய்தவர் அன்னவாசல் பாய். அறிவொளிக் காலத்தில் எங்களுக்கு மணிக்கணக்கில் வாடகைக்குச் சைக்கிள் கொடுத்தவரின் மகன். அப்பா உட்கார்ந்திருந்த அதே பலகையில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டுகிறார். மோட்டார் பூட்டிய சைக்கிளை அவர் அதற்கு முன்னால் கையால் தொட்டதில்லை, ஆனால் சக்கரம் சக்கரம்தானே. ராடு பிரேக்கைக் கழற்றிவிட்டு ஒயர் பிரேக் மாற்றி, அந்தக் கரண்ட் வெட்டும் லீவரைப் பூட்டினார். பின்சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்தார். பிறகு அச்சின் நட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“டீச்சரம்மா, இங்கே பாருங்கள். அச்சு லேசாகத் திரும்பியிருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஒயரை முறுக்கி அறுத்துவிட்டுச் சக்கரமே வெளியே வந்திருக்கும்.”

விஷயம் இதுதான். சாதாரணச் சைக்கிளில் அச்சு சும்மா இருக்கும், சக்கரம் சுற்றும். மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளும்போது அதே வலுவோடு அச்சைப் பின்னால் திருப்பப் பார்க்கும். அச்சின் இரண்டு பக்கமும் தட்டையாக இருப்பதால் ஃபிரேமின் பிளவில் அது சிக்கி நிற்கிறது. எங்கள் சைக்கிளின் தகடு மெலிது, மோட்டாரைப் புகுத்துவதற்காக அதை விரித்தும் இருந்தார்கள். அச்சைப் பிடித்து ஃபிரேமோடு கட்டும் ஒரு இரும்புத் தகடு தனியாக உண்டு, அதைப் பூட்டவே இல்லை. பாய் ஒரு கனத்த தகட்டில் துளை போட்டு, அரம் வைத்து ராவி, ஒரு முனையை அச்சிலும் மறு முனையைப் பின்குழாயிலும் பூட்டிக் கொடுத்தார். மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியபிறகும் நட்டு இம்மி நகரவில்லை. பழைய சைக்கிளில் மோட்டார் போடுகிறவர்கள் இந்தத் தகடு இல்லாமல் கடையை விட்டு வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

பேட்டரியை முதலில் கேரியர்மேல் நிறுத்தி வைத்திருந்தார்கள். பெண்கள் சைக்கிளில் குழாய்களுக்கு நடுவே பேட்டரிக்கு இடம் இல்லை, இருந்தாலும் அங்கே வைத்தால் காலைத் தூக்கி ஏற வேண்டியிருக்கும், அது நமக்கு ஆகாது. கேரியர் உச்சியில் இரண்டரை கிலோ உட்கார்ந்தால் திரும்பும்போது பின்பக்கம் ஆடுகிறது. மூட்டை கட்டவும் இடமில்லை. பாய் கேரியரின் இடப்பக்கம் தாழ்வாக ஒரு இரும்புக் கூடு அடித்து அதில் வைத்தார். வலப்பக்கம் என் காய்கறிப் பை தொங்குகிறது, எடை சமமாகிவிடுகிறது. மொத்தத்தில் வண்டியின் எடை இப்போது 25 கிலோவுக்குப் பக்கம். ஸ்டாண்டு போடுவது மட்டும் இன்னும் கஷ்டம்தான். வாசற்படியில் ஏற்றுவதை நான் முயல்வதே இல்லை, பேட்டரியை மட்டும் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோகிறேன்.

தூரத்துக்கு வருகிறேன். 50 கிலோமீட்டர் போகும் என்று சொல்லித்தான் விற்றார்கள். முதல் மாதம், முதல் நிலையில், நானும் மிதித்துக்கொண்டு, நிறுத்தாமல் அளந்து பார்த்ததில் 38 வந்தது. மிதிக்காமல் ஆக்சிலரேட்டரில் மட்டும் போனால் 21. இப்போது 13 மாதம் கழித்து 34. புதுக்கோட்டை போய்வர 28 என்பதால் எனக்குப் போதும். ஆனால் அடுத்த வருடமும் இதே கணக்கில் குறைந்தால் நெருக்கடிதான். புதுப் பேட்டரி 11,000 ரூபாய் என்று சொல்லியிருக்கிறார்கள். கிட்டின் விலையில் பாதி. இந்தச் செலவு இரண்டு மூன்று வருடத்தில் வரும் என்று தெரிந்தே வாங்குங்கள்.

கைப்பிடியில் இருக்கும் பேட்டரி விளக்குகளை நம்பிப் பயப்படவும் வேண்டாம், தைரியப்படவும் வேண்டாம். ஏற்றத்தில் மோட்டார் வலுவாக இழுக்கும்போது வோல்ட் இறங்கி விளக்கு இரண்டு அணைந்துவிடும். சமதரைக்கு வந்ததும் ஒன்று திரும்ப எரியும். ஓய்வில் இருக்கும்போது பார்ப்பதுதான் சரியான கணக்கு, நாடி பார்ப்பதுபோல.

எட்டாவது மாதம் சார்ஜர் போய்விட்டது. பச்சை விளக்கு எரிந்தபடியே இருந்தது, பேட்டரி ஏறவில்லை. அண்ணன் மகன் மீட்டர் வைத்துப் பார்த்துச் சார்ஜரிலிருந்து வர வேண்டிய 42 வோல்ட் வரவே இல்லை என்றான். விற்ற கடைக்குப் போன் செய்தேன். அனுப்புகிறோம் என்றார்கள், மறுபடி அனுப்புகிறோம் என்றார்கள். வந்து சேர 23 நாள் ஆனது. பேட்டரிக்கு உத்தரவாதம் எழுதிக் கொடுத்தவர்கள் சார்ஜருக்கு எதுவும் எழுதியிருக்கவில்லை, 1,400 ரூபாய் கொடுத்தேன். ஒரு முதியவரிடம் விற்கும் பொருளுக்கு இப்படியா பின்னால் நிற்பது? நான் கோபத்தோடுதான் பேசினேன், இன்றைக்கும் அந்தக் கோபம் தணியவில்லை. வாங்கும்போதே இரண்டாவது சார்ஜர் ஒன்று சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். எல்லா உறுப்புகளுக்கும் தனித்தனியே உத்தரவாதம் எழுதிய ரசீதைக் கேளுங்கள்.

அது ஆடி மாதம். எங்கள் ஊர் புதுக்கோட்டைக்கு வடமேற்கே இருக்கிறது, வீடு திரும்பும்போது ஆடிக் காற்று நேராக முகத்தில் அறையும். சார்ஜர் பழுதானது தெரியாமல், முழுக்க ஏறாத பேட்டரியோடு போய்விட்டேன், திரும்பும் வழியில் தைலமரக் காட்டுப் பக்கம் வரும்போது தீர்ந்துவிட்டது. வீடு இன்னும் 6 கிலோமீட்டர். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. சாவியை அணைத்துவிட்டு மிதித்தேன். வண்டி கனமாக இருந்தது, ஆனால் உருண்டது. எதுவும் பின்னால் பிடித்து இழுக்கவில்லை. சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்கச் சொன்ன பிள்ளையை அந்த 6 கிலோமீட்டரும் நினைத்துக்கொண்டே வந்தேன். இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன். வீடு வந்து சேர முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது.

அந்த 23 நாளும் நான் வண்டியை நிறுத்தவில்லை. பக்கத்து இடங்களுக்கு மோட்டார் இல்லாமலே போனேன். அப்போதுதான் கவனித்தேன், எட்டு மாதத்துக்கு முன் ரேஷன் கடைக்கே நடந்துபோனவள் இப்போது 25 கிலோ வண்டியை 3 கிலோமீட்டர் கால் பலத்தாலேயே மிதிக்கிறேன். மோட்டார் உதவியோடு தினமும் சுற்றியதில் தொடைச் சதை திரும்பியிருக்கிறது. முட்டி வலி போய்விட்டது என்று சொல்லமாட்டேன். காலையில் எழுந்து முதல் பத்து அடி வைக்கும்போது இன்னும் சுவரைப் பிடிக்கிறேன். மாலையில் வீங்குவது மட்டும் குறைந்திருக்கிறது.

மழையைப் பற்றி. ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு முறை நனைந்தேன். மோட்டாருக்குள் தண்ணீர் போகவில்லை, ஆனால் கன்ட்ரோலர் பக்கத்து ஒயர் இணைப்பில் ஈரம் இறங்கி, பெடல் அசிஸ்ட் ஒருநாள் முழுக்க வேலை செய்யவில்லை. காயவைத்ததும் சரியானது. இணைப்புகள் கீழே பார்க்கும்படி வைத்து, சைக்கிள் டியூப் துண்டை மேலே உறையாகக் கட்டியிருக்கிறார் பாய். அதற்குப்பின் தொல்லை இல்லை.

மழையைவிட எங்கள் மாவட்டத்து வெயில்தான் பேட்டரிக்குப் பகை. வெயிலில் ஓட்டிவந்த சூட்டோடு சார்ஜ் போடுவதில்லை. ஒரு மணி நேரம் நிழலில் ஆறட்டும் என்று வைத்துவிட்டு, நான் விழித்திருக்கும் நேரத்தில்தான் போடுகிறேன், இரவில் தூங்கும்போது ஒருநாளும் போட்டதில்லை. பேட்டரியைச் சமையலறைக்குப் பக்கத்திலோ, துணி மூட்டைக்கு மேலேயோ வைப்பதில்லை. சிமென்ட் தரையில், வாசலுக்கு அருகில். உறவினர் வீட்டுக்கு ஒரு வாரம் போவதாக இருந்தால் பாதி அளவில் நிறுத்திவிட்டுப் போகிறேன். இதெல்லாம் லித்தியம் பேட்டரிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் பக்குவம்தான், கடைக்காரர் சொன்னதல்ல.

யாருக்கு இது ஆகாது என்றும் சொல்ல வேண்டும். சைக்கிளே ஓட்டிப் பழகாதவர்கள் அறுபதில் இதில் தொடங்க வேண்டாம், மோட்டார் தள்ளும் வண்டியில் நிதானம் பழக முடியாது. தலைச்சுற்றல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏற வேண்டாம். பக்கத்தில் கைத்தொழில் தெரிந்த ஒரு சைக்கிள் கடைக்காரர் இல்லாத ஊரில் இருப்பவர்கள் கிட் வாங்கிப் பூட்டாமல், கம்பெனியிலேயே மோட்டாரோடு வரும் சைக்கிளை வாங்குவது நல்லது. விலை கூடும், ஆனால் அச்சுத் தகடு, பிரேக் லீவர் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்காது. புடவை கட்டுகிறவர்கள் செயின் கவர் முழுசாக இருக்கிறதா, பின்சக்கரத்துக்குப் புடவைத் தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். காலால் மிதிக்கும் வண்டியில் முந்தானை சிக்கினால் சக்கரம் நின்றுவிடும். மோட்டார் அப்படி நிற்காது, இழுத்துக்கொண்டே போகும். ஹெல்மெட் கட்டாயமில்லை என்றாலும் நான் போடுகிறேன்.

போன மாதம் என் பழைய தோழி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். 1992-இல் ஊர்வலத்தில் எனக்கு முன்னால் போனவள், குவாரியில் வேலை பார்த்தவள். சைக்கிளை விட்டு எட்டு வருடம் ஆகிறது. வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “நான் ஒரு சுற்றுப் போகட்டுமா?” என்றாள். பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூட்டிப்போனேன், நாங்கள் பழகிய அதே மைதானம். சீட்டை இறக்கி, முதல் நிலையில் வைத்து, ஆக்சிலரேட்டரில் விரல் படக்கூடாது என்று சொல்லி, கேரியரைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலடி நடந்தேன். அரைச் சுற்றில் மோட்டார் தள்ளியதும் “அடியே” என்று கத்தினாள். அப்புறம் என் பிடி தேவைப்படவில்லை. நாலு சுற்றுச் சுற்றினாள். இறங்கச் சொன்னேன், இன்னும் ஒன்று என்றாள்.

இப்போது பாய் கடையில் ஒரு பழைய பெண்கள் சைக்கிள் அவளுக்காகத் தயாராகிறது. ரிம் துருப்பிடித்ததை மாற்ற வேண்டும், பின்தகடு வலுவாக இருக்கிறது என்று பாய் தட்டிப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். தை பிறந்ததும் திருச்சிக்குப் போகிறோம், இந்த முறை வேறு கடைக்கு. நானும் கூடப் போகிறேன். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க ஒரு ஆள் வேண்டுமே.